இரண்டு பக்கமும் பிரேக்

“பிரேக்கைப் போடாம விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டா” என்று கூடத்தில் துக்கத்துக்கு வந்தவர்களிடம் அண்ணன் நாலாவது தடவையாகச் சொன்னபோது, தங்கை உள்ளறையில் அப்பாவின் சக்கர நாற்காலி மெத்தையிலிருந்து உறையை உருவிக்கொண்டிருந்தாள். மூத்திர வாடை முகத்தில் அடித்தது. அது பழகிய வாடைதான். அண்ணன் குரல்தான் குமட்டியது.

அப்பா காலையில் ஆஸ்பத்திரியில் இறந்திருந்தார். உடல் இன்னும் வீட்டுக்கு வரவில்லை, அதற்குள் கதை வந்துவிட்டது.

நாலு வருஷமாக அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றியவள் அவள். பிசியோதெரபி அம்மா சொல்லிக்கொடுத்தபடி நாற்காலியைக் கட்டிலை ஒட்டிச் சாய்வாக நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக் போட்டு, கால் பலகையை மடக்கி, அவர் இடுப்பில் பிடித்துத் தூக்கும் பட்டையைக் கட்டி, அவரை நுனிக்கு நகர்த்தி, முழங்காலுக்கு முழங்கால் முட்டுக்கொடுத்து, மூன்று எண்ணுவாள். ஒருநாளும் அவர் விழுந்ததில்லை.

இரண்டு நாள் விருந்தாளியாக வந்த அண்ணனுக்கு அந்தப் பட்டையே பிடிக்கவில்லை. “அப்பா என்ன மூட்டையா?” என்றான். நேற்று அவள் மருந்துக்கடையிலிருந்து திரும்பியபோது அப்பா தரையில் கிடந்தார், பட்டை ஆணியில் தொங்கியது. “தானா எந்திரிக்கப் பாத்தாரு” என்றான் அண்ணன். ஆம்புலன்ஸில் அப்பாவின் சட்டையைக் கழற்றினால், இரண்டு அக்குளிலும் விரல் பதிந்த சிவப்பு. அது அவன் பிடித்துத் தூக்கிய இடம். இன்றைக்குப் பழி அவள் தலையில். வாய் கூசவில்லை அவனுக்கு.

“நீயாவது கொஞ்சம் பாத்துப் போயிருக்கலாமேம்மா” என்று உள்ளறை வாசலில் வந்து நின்று அத்தை கண்ணைத் துடைத்தாள்.

அவள் நாற்காலியைக் கூடத்துக்குத் தள்ளிவந்து சோபா பக்கத்தில் நிறுத்தினாள்.

“அண்ணா, இதுல உக்காரு.”

“எதுக்கு?”

“அப்பாவை எப்படி மாத்துவேன்னு அத்தை பாக்கட்டும்.”

நாலு பேர் பார்க்கையில் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்தான். அவள் இரண்டு பிரேக்கையும் போட்டாள், பட்டையை அவன் இடுப்பில் கட்டினாள், அவன் மோவாயைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு.” அந்தப் பெரிய உடம்பு எழுந்தது. காதோரம் புதினா மிட்டாய் வாசம் வீசியது. அப்பா செத்த அன்றைக்கும் இவனால் மிட்டாய் சப்ப முடிகிறது.

“நான்தாம்மா ஒரு பக்கம் பிரேக் போட மறந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதே” என்று காதுக்குள் கிசுகிசுத்தான்.

“சத்தமாச் சொல்லு.”

அவன் அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தான். பாரம் முழுக்க அவள் பிடியில் இருந்தது. விட்டால் போதும். கேடுகெட்ட கைகள், விடத் தெரியவில்லை அவற்றுக்கு. அலுங்காமல் திருப்பி, முழங்காலை மடக்கி, அவனைச் சோபாவில் உட்கார வைத்தாள்.

அத்தை அழுகையை நிறுத்தியிருந்தாள். “இவ்வளவு பதவிசாப் பண்றவ இல்லாதப்ப, நேத்து அவரை யாருடா தூக்கினது?”

அண்ணன் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கழற்றத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தான்.

அவள் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு, புதினா வாசம் இன்னும் போகாததுபோல மறுபடியும் சோப்பை எடுத்தாள்.