நாற்பத்தொன்பது வருடக் காய்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில், கூடப் படிக்கிற ஒருவனோடு காய் விட்டிருந்தால் அடுத்த வகுப்புக்குப் போக முடியாது. பழம் விட்ட பிறகுதான் பெயரை மேலே ஏற்றுவார்கள். நானும் தேவசகாயமும் காய். அதனால் இருவரும் நாற்பத்தொன்பது வருடமாக ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கிறோம். அவன் ஜன்னல் ஓரம் உட்காருவான். நான் கதவு ஓரம்.

காய் விட்டது கோகோ ஆட்டத்தில். விரட்டுகிறவன், எதிரும் புதிருமாக வரிசையில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரில் ஒருவனின் முதுகைத் தொட்டு "கோ" என்று சொல்ல வேண்டும். தொடப்பட்டவன் எழுந்து ஓடுவான், தொட்டவன் அந்தக் கட்டத்தில் உட்காருவான். அன்று தேவசகாயம் என் பின்னால் வந்து "கோ" என்றான். கை என் முதுகில் படவில்லை. நான் எழுந்து ஓடினேன். ஃபவுல் என்று விசில் ஊதினார்கள், ஆட்டம் போயிற்று. கை பட்டது என்று அவன் சாதித்தான். முதுகு யாருடையது? எனக்குத் தெரியாதா?

மற்றபடி படிப்பு நன்றாகத்தான் போகிறது. கொடிக் கயிறு மேலே சிக்கிக்கொண்டால் பள்ளியே என்னைத்தான் தேடும், நான் உயரம். மதியம் சோறும் முட்டையும். சாயங்காலம் மணி அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் என் சைக்கிள் கடையைத் திறப்பேன். ரேங்க் கார்டில் முதலில் அப்பா கையெழுத்துப் போட்டார், பிறகு என் மனைவி. இப்போது மகன் போடுகிறான். சமூக அறிவியலில் முப்பத்தாறு வாங்கியதற்காக இரண்டு நாள் டி.வி. பார்க்க விடவில்லை. பேரன் இசக்கிராஜா எட்டாம் வகுப்பு. வீட்டில் அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவான். பள்ளியில் அவன் சீனியர் என்பதால் நான் அவனை அண்ணே என்பேன்.

ஒவ்வொரு ஜூனிலும் நண்பர்கள் ஏழாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். புதிதாக முப்பது பேர் வருவார்கள். ஒரு வாரத்தில் பெயர்கள் பழகிவிடும், பத்து நாளில் யார் பம்பரம் நன்றாக விடுவான் என்று தெரிந்துவிடும். போனவர்களை நான் மறப்பதில்லை. சுந்தரவடிவேல் என் ரப்பரோடு ஏழாம் வகுப்புக்குப் போனான். இப்போது தாசில்தாராக இருக்கிறான். ரப்பர் வரவில்லை. தலைமையாசிரியை ஜெயராணி டீச்சரும் என்னோடு ஆறாம் வகுப்பில் இருந்தவர்தான். சில்லு விளையாட்டில் கோட்டை மிதித்ததை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் வகுப்புக்குப் போக எனக்கு ஆசை இல்லை. அங்கே விளையாட்டுப் பீரியட் கிடையாது, கணக்கு சார் எடுத்துக்கொள்வார். ஆகவே காயைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசினாலும் பழம் ஆகிவிடும் என்பது விதி. ஒருமுறை நான் தும்மியபோது தேவசகாயம் வாய் தவறி "நூறு" என்றான். மூன்று நாள் விசாரணை நடந்தது. கடைசியில், அவன் அதைச் சுவரிடம்தான் சொன்னான் என்று தீர்ப்பானது. நான் தீர்ப்பை வரவேற்றேன்.

இந்த வருடம் எங்கள் கோகோ அணிக்கு ஷிபானா கேப்டன். பதினொரு வயது. ஓட ஆரம்பித்தால் இரட்டைச் சடை இரண்டும் நேராகப் பின்னால் நிற்கும். அவள் தலைமையில் ஆறு 'ஏ'யை அடித்தோம், ஏழு 'ஏ'யை அடித்தோம், ஏழு 'பி' சாப்பிட்டுவிட்டு வந்து ஆடியது, அதையும் அடித்தோம். கடைசி ஆட்டம் எட்டாம் வகுப்போடு. ஆறாம் வகுப்பு எட்டாம் வகுப்பை ஜெயித்ததே இல்லை. எங்கள் அணியில் இருந்த ஓட்டை எல்லோருக்கும் தெரியும். நான் தேவசகாயத்துக்குக் கோ கொடுக்க மாட்டேன், அவன் எனக்குக் கொடுக்க மாட்டான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ஷிபானா எங்கள் இருவரையும் வேப்பமரத்தடியில் நிறுத்தி, நடுவில் தான் நின்றுகொண்டாள்.

"ஏல பேச்சிமுத்து, நாளைக்கு மட்டும் அவனுக்குக் கோ குடு."

"குடுத்தா பேசின மாதிரி ஆயிரும்லா."

"ஆனா என்ன?"

"ஏழாப்புக்குத் தூக்கிப் போட்ருவாவ."

"நாங்களுந்தான் ஜூன்ல போவோம். நீ இங்கனயே கெடந்து புதுசா வாரவன்கிட்ட, ஷிபானான்னு ஒருத்தி இருந்தா, எட்டாப்புகிட்ட தோத்தான்னு கதை சொல்லு."

எனக்குச் சுருக்கென்றது. அவள் தேவசகாயம் பக்கம் திரும்பினாள். "நீ என்னலே சொல்லுத?"

"அன்னைக்கு கை பட்டுச்சுன்னு அவன்கிட்ட சொல்லு," என்றான் தேவசகாயம்.

"படலைன்னு அவன்கிட்ட சொல்லு," என்றேன் நான்.

"ரெண்டு தவளையும் வாயை மூடுங்கலே," என்று சொல்லிவிட்டு ஷிபானா போய்விட்டாள்.

மறுநாள் மைதானத்தைச் சுற்றி ஊரே நின்றது. என் மனைவியும் தேவசகாயத்தின் மனைவியும் ஒரே குடையின் கீழ் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எப்போதும் பழம்தான். என் மகன் எட்டாம் வகுப்புப் பக்கம் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து, "விழுந்து எந்திரிச்சு வந்தா தைலம் தேய்க்க மாட்டேன், சொல்லிட்டேன்," என்று கத்தினான்.

கடைசி இரண்டு நிமிடம் வரை சமமாக வந்தது. எட்டாம் வகுப்பில் மிஞ்சியிருந்தது இசக்கிராஜா ஒருவன். அவனைத் தொட்டால் ஜெயிப்பு எங்களுக்கு, தொடுவதற்குள் விசில் ஊதிவிட்டால் அவர்களுக்கு. விரட்டுவது நான்.

அவன் புத்திசாலி. தேவசகாயத்தின் முன்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம், அவன் நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். விரட்டுகிறவன் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. நான் வேறு கட்டத்தில் கோ கொடுத்தால், அங்கே இருப்பவர் எழுவதற்குள் அவன் பாய்ந்து என் பக்கம் வந்துவிடுவான். மறுபடி நான் எழுந்தால் மறுபடி அந்தப் பக்கம், மறுபடி தேவசகாயத்தின் முன்னால். நிழலில் நிற்கிறவன் மாதிரி நின்றான்.

"தொட்டுப் பாருலே தம்பி!" என்று சிரித்தான்.

"வாரேன் அண்ணே," என்றேன்.

ஜெயராணி டீச்சர் விசிலை வாயில் வைத்தார். ஷிபானா மூன்றாவது கட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மண்ணில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தேவசகாயத்தின் முதுகு என் முன்னால் இருந்தது. வெள்ளைச் சட்டை, நடுவில் வியர்வை. நான் உள்ளங்கை முழுவதும் படும்படி, யாரும் நாளைக்குப் படவில்லை என்று சொல்ல முடியாதபடி, பளார் என்று ஒன்று வைத்து, "கோ!" என்றேன்.

அவன் எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது ஓடிக்கொண்டிருந்தான். இசக்கிராஜா இடது பக்கம் திரும்புவதற்குள் தேவசகாயம் அவன் சட்டைக் காலரைத் தொட்டுவிட்டான். அதன்பிறகுதான் விசில் கேட்டது.

ஆறு 'பி' முழுவதும் எங்கள் மேல் விழுந்தது. ஷிபானா என் தோளில் ஏறி நின்று கத்தினாள். இசக்கிராஜா வந்து கை கொடுத்து, "நல்லா ஆடினலே தம்பி," என்றான். தேவசகாயம் மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றான்.

"என் முதுகுல கை வைக்க ஒனக்கு நாப்பத்தொம்பது வருசமாலே?"

"படுத மாதிரி தொட்டேம்லா? நீ தொட்ட மாதிரியா?"

"அன்னைக்குப் பட்டுச்சு."

"படல."

"பட்டுச்சுடா மூதேவி."

நேராகப் பேசுவது சுகமாக இருந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. ஜெயராணி டீச்சர் பதிவேட்டைத் திறந்து எங்கள் இரண்டு பெயரையும் ஏழு 'பி'க்கு மாற்றி எழுதும்போதும் பேசிக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், நீங்க அன்னைக்கு சில்லுல கோட்டை மிதிச்சீங்க," என்றேன்.

"மிதிக்கல. ஏழாப்புக்குப் போ," என்றார்.

ஜெயித்த வகுப்புக்குப் பரிசு மைதானம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு ஓரத்துக் கம்பங்களையும் பிடுங்கி வைத்துவிட்டு, கிழக்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, மைதானத்தைப் பாய் மாதிரி சுருட்டி, கயிறு கட்டி ஷிபானாவிடம் கொடுத்தார்கள். அவள் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள்.

"ஏழாப்புல ஒங்களுக்குத்தாம்லே இது வேணும். எடுத்துட்டுப் போங்க, நாங்க பின்னால வாரோம்."

மறுநாள் காலையில் நான் ஒரு முனையையும் தேவசகாயம் ஒரு முனையையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். "கொஞ்சம் இறக்குலே", "ஒன் பக்கம் ஒசத்து", "அன்னைக்குப் படல" என்று பேசிக்கொண்டே ஏழாம் வகுப்புக்குள் கொண்டுபோய் விரித்தோம். கணக்கு சார் கையிலிருந்த சாக்பீசைப் பையில் போட்டுக்கொண்டு, மேற்கு ஓரத்தில் கம்பமாக நின்றார். மைதானம் அறையை விடப் பெரியது. மிச்சம் ஜன்னல் வழியாக வெளியே வழிந்து, பஸ் நிறுத்தம் வரை விரிந்தது. ஷிபானாவும் மற்றவர்களும் ஜன்னல் வழியாக ஏறி வந்தார்கள்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஏழு பேர், தெற்கே ஒருவர் வடக்கே ஒருவராக முகத்தை மாற்றி மாற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எட்டாவது கட்டம் காலியாக இருந்தது. ஒன்பதரை மணி டவுன் பஸ் வந்து, ஓரமாக ஒதுங்கி, இடம் பார்த்து, வடக்கே முகத்தை வைத்து அந்தக் கட்டத்தில் உட்கார்ந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஷிபானா ஓடிப்போய் அதன் முதுகைத் தொட்டு, "கோ!" என்றாள்.