கிராணியாரின் பிரசங்கம்

புண்ணில் புழு நெளிவதைக் கண்டபோது ஞானப்பூவுக்கு அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது. தன் கால், தன் சதை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலாயாவில் காஹாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவள் அவள். ஒரு நாள் காய்ச்சலோடு எழுந்து விடிகாலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் கங்காணி காளியப்பன் ஆணிச் சப்பாத்தால் அவள் முழங்காலுக்குக் கீழே ஓங்கி உதைத்தான். பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கெழுதும் கிராணி சோமசேகரம் பார்த்தும் பாராததுபோலக் குடைக்குள் குனிந்துகொண்டார். இலங்கையிலிருந்து வந்த அவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துக் கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கு ஜெபம் நடத்துகிறவர்.

காயம் ரணமாகி, ரணம் அழுகிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஒரு தகரக் கொட்டகை. நாற்றம் தாங்காமல் மற்ற நோயாளிகள் பாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனார்கள். பக்கத்து லயத்து வீட்டுக் கருப்பாயி மட்டும் வேலை முடிந்து வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு புழுவை எடுத்துப் போடுவாள். "உன் சாமிக்குக் கண்ணே இல்லியாடி?" என்று திட்டிக்கொண்டே எடுப்பாள்.

"இருக்கு அக்கா. அவரும் ரணப்பட்டவருதான்."

ஒரு ஞாயிறு கிராணியார் வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. வாசனைத் தைலம் நனைத்த கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு பேசினார்.

"பொறுத்துக்கொள்ளும் ஞானப்பூ. ஆண்டவர் தான் விரும்பிற ஆக்களைத்தான் சோதிப்பார்."

"உதைச்சது ஆண்டவரு இல்லீங்க ஐயா. நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க?"

"அதையெல்லாம் மறந்து மன்னிக்க வேணும், பிள்ளை." கண்ணை மூடி அவசரமாக ஜெபித்துவிட்டுப் போனார். கொட்டகைக்கு வெளியே அவர் காறித் துப்பும் சத்தம் கேட்டது.

சீழின் வாடை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவர் விட்டுப்போன தைல வாசனைதான் கொட்டகைக்குள் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவள் சுவரோரம் சாய்ந்து முணுமுணுத்தாள்: "ஆண்டவரே, வலிய நீங்க குடுத்தா தாங்கிக்கிறேன். ஆனா உங்க காலுல ஆணி அடிச்சது யாருன்னு ஊரே சொல்லுது. என்னைய உதைச்சவன் பேர மட்டும் நான் ஏன் முழுங்கணும்?"

அந்த வாரமே தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும் வெள்ளைக்கார டாக்டர் வந்தார். காயக் கட்டை அவிழ்த்ததும் அவர் முகம் சுளித்தார். எப்படி ஆயிற்று என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிராணியார் முந்திக்கொண்டு பதில் சொன்னார். ஆங்கிலம் அவளுக்குப் புரியாது. ஆனால் சொல்லிக்கொண்டே அவர் கையைச் சறுக்குவதுபோலக் காட்டியது புரிந்தது.

கடைச் சீனனிடம் பேசிப் பழகிய மலாய் அவளுக்குப் போதுமாயிருந்தது. "திடாக் ஜாத்தோ, துவான்," என்றாள், விழவில்லை ஐயா என்று. பிறகு நல்ல காலைத் தூக்கிக் காற்றில் உதைத்துக் காட்டினாள். "கங்காணி தெண்டாங்! இந்தக் கிராணி தெங்கோ!" கங்காணி உதைத்தான், கிராணி பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கிராணியாரைத் திரும்பிப் பார்த்தார். கைக்குட்டை மூக்கிலிருந்து மெல்ல இறங்கியது.

மறுநாள் அவளை லாரியில் ஏற்றி ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிர் தங்கியது, முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. காளியப்பனைத் தோட்டத்தைவிட்டு விரட்டினார்கள். கணக்கெழுத ஆள் வேண்டுமே, கிராணியார் இருந்தார்.

கக்கத்தில் ஊன்றுகட்டையோடு திரும்பிவந்த முதல் ஞாயிறு அவள் ஜெபக் கொட்டகைக்குப் போனாள். பாட்டெல்லாம் வாய்விட்டுப் பாடினாள். கண்ணீர் வழிய வழியப் பாடினாள். பாட்டு முடிந்ததும் கிராணியார் எழுந்து கையை விரித்தார்.

"பொறுமைக்கு எங்கட சகோதரி ஞானப்பூவைப் பாருங்கோ! பாடுகளை வாய் திறவாமல் சகிச்சவ..."

புழுவைப் பார்த்த அன்றுகூட அவளுக்கு இப்படிக் குமட்டியதில்லை. கட்டையை எட்டி எடுத்து எழுந்தாள்.

"நான் வாயத் தொறந்தேன் ஐயா. அதனாலதான் உசிரோட இருக்கேன்."

சிமெண்டுத் தரையில் கட்டை இடிக்க இடிக்க வெளியே போய் ஒரு பால்மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். பிரசங்கம் முடிந்து மறுபடி பாட்டு எழும்பியதும் உள்ளே வந்து பாடினாள். அன்றுமுதல் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். கொஞ்ச நாளில் அவளோடு எழுந்து வெளியே போக இன்னும் சில பெண்கள் சேர்ந்தார்கள்.