முன்னால் ஓர் எட்டு

வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத்தான் சொல்வாள். "எட்டைப் போட்டுட்டு நம்பரைப் போடுங்க சார், அப்பதான் லைன் வெளியே போகும்." அலுவலகத்தில் அவளுக்கு எட்டக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. புதிய தொலைபேசி அமைப்பு வந்த வாரம், வாடிக்கையாளர் எண்கள் அத்தனையையும் ஒரே மாதிரி ஆக்கும் வேலையும் அவள் தலையில்தான் விடிந்தது. இடைவெளியை எடு, நடுவில் இருக்கும் சின்னக் கோட்டை எடு, முன்னால் எட்டைப் போடு. சாப்பிடும்போதுகூட விரல் எட்டைத் தேடியது.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பாவுக்குப் பெரிய பொத்தான் வைத்த கைபேசி வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அம்மா போனதிலிருந்து தினமும் கூப்பிடுவது அவள்தான். அவராக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அன்றைக்கு மனசில் கிடந்ததைக் கேட்டே விட்டாள்.

"எப்பவும் நானேதான் கூப்பிடணுமாப்பா? உங்களுக்கா தோணுறப்ப ஒண்ணை அழுத்துங்க, நான் வருவேன். இனி நானா கூப்பிட மாட்டேன்."

தன் எண்ணை ஒன்றாம் பொத்தானில் பதிந்து, அவர் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

அழைப்பு வரவே இல்லை. மழைக்காலம் போய் வெயில் வந்தது. ஒரு பொத்தான்தானே, மலையையா புரட்டச் சொன்னேன் என்று வயிறெரிந்தாள். தானும் அசையவில்லை. அவர் மகள்தானே.

இன்று மத்தியானம் அலுவலக லைனில் அண்ணன் வந்தான். கைபேசியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள் என்று நினைத்தானாம். அப்பாவுக்கு வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை என்றான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அண்ணன் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"இப்ப வந்து என்ன பிரயோஜனம். எத்தனை தடவை உன்னைக் கூப்பிட்டார் தெரியுமா? ஒரு தடவை எடுத்தியா?"

"எனக்கு ஒரு கால்கூட வரலைண்ணா. சத்தியமா."

"யாரோ ஒரு பொண்ணு எடுத்து என்னமோ சொல்றாளாம், இவரும் உடனே சிவப்புப் பொத்தானை அழுத்தி வச்சிடுவார். ஆள் வச்சு பதில் சொல்ல விடுறா, பெரிய மனுஷி ஆயிட்டான்னு புலம்பிக்கிட்டே இருந்தார். உங்க வீம்புக்கு நடுவுல நான் எதுக்குன்னு இருந்துட்டேன்."

தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த கைபேசியை எடுத்து ஒன்றை அழுத்தினாள். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. அப்பாவின் மந்தமான காதுக்கு அதில் என்ன விளங்கியிருக்கும். பதிந்திருந்த எண்ணைத் திறந்து பார்த்தாள். முன்னால் ஓர் எட்டு நின்றது.

அடிப்பாவி, என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. எட்டை அழித்தாள்.

"தப்பு என்னோடதுப்பா. இப்ப பாருங்க, நான் எடுக்கிறேன்."

கைபேசியை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலைப் பிடித்து ஒன்றை அழுத்தினாள். அவள் கைப்பை அலறியது. அப்பா அவள் பக்கம் திரும்பவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவி, சீப்பு, மாத்திரை என்று பைக்குள் துழாவி அவள் எடுப்பதற்குள், பழகிப்போன கட்டைவிரல் மெல்ல நகர்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தியது.