ஐம்பதுக்கு முப்பது

ஆசிரியர்களுக்குத் தொழில்மேல் எவ்வளவு பற்று என்று அளக்க மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. பத்து வாக்கியங்கள். முழுக்க ஒத்துக்கொண்டால் ஐந்து மார்க், அறவே மறுத்தால் ஒன்று. முப்பத்தைந்துக்குக் கீழே போனவர்களுக்கு வெளியூரில் ஆறு வாரம் பற்று வளர்ப்புப் பயிற்சி.

கணக்கு டீச்சர் படிவத்தை இரண்டு முறை படித்தார். ‘வகுப்புக்குள் நுழைந்தாலே உற்சாகம் வருகிறது’: ஐந்து. ‘வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவேன்’: ஒன்று. இப்படி நேரான வாக்கியங்கள் ஐந்து, தலைகீழானவை ஐந்து. பக்கத்து நாற்காலியில் விளையாட்டு மாஸ்டர் எதையும் படிக்கவில்லை. ஐந்தாம் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு இழுத்தார். மைதானத்தில்கூட அவர் அவ்வளவு நேராகக் கோடு போட்டதில்லை.

மாஸ்டருக்கு ஐம்பது. டீச்சருக்கு முப்பது.

டீச்சர் பதறிக்கொண்டு அளவீட்டு அதிகாரியிடம் போனார். “சார், தலைகீழ் வாக்கியத்துக்கு மார்க்கைத் திருப்பிப் போடணும். ஓடிடுவேன்னு சொல்றவருக்குப் போய் அஞ்சு குடுத்திருக்கீங்களே!”

“கூட்டல்ல தப்பு இருக்கா டீச்சர்?”

“கூட்டல் சரிதான் சார். ஆனா…”

“கணக்கு டீச்சரே சரின்னுட்டாங்க. அப்புறம் என்ன?”

“பரீட்சைக்கு அஞ்சு வாரம்தான் இருக்கு சார். ஏழாம் வகுப்புல பதினோரு பேருக்குப் பின்னம் இப்பதான் பிடிபட ஆரம்பிச்சிருக்கு. இப்ப விட்டா அத்தனையும் போயிடும்.”

“பயிற்சின்னதும் சாக்கு. இதைத்தான் பற்றுக் குறைவுன்னு சொல்றது.”

வகுப்பு, முழுப் பற்றுள்ளவர் கைக்குப் போனது. “கவலைய விடுங்கக்கா. பின்னம்னா மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேலயோட மேல, கீழயோட கீழ கூட்டிட வேண்டியதுதானே?” என்றார் வழியனுப்ப வந்த மாஸ்டர். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பேருந்து கிளம்பிவிட்டது.

பயிற்சியில் கை தட்டினார்கள், பலூன் ஊதினார்கள், ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். கடைசி நாள் காலை மாஸ்டரின் போன் வந்தது.

“அக்கா, பரீட்சை பேப்பர் திருத்தியாச்சு. அரையும் மூணுல ஒண்ணும் கூட்டச் சொல்லியிருந்தாங்க. நம்ம பதினோரு பேரும் ஒரே விடை, அஞ்சுல ரெண்டு! என்ன ஒற்றுமை பாருங்க. காப்பி அடிக்கல, சத்தியமா. ஆனா எல்லாரும் ஃபெயிலாம். ஏன்க்கா?”

ஐந்தில் இரண்டு. அரையைவிடச் சிறியது. கூட்டக் கூட்டக் குறைந்திருக்கிறது. அவர்களில் ஒருவருக்குக்கூட அது உறுத்தவில்லை. டீச்சர் போனை வைத்தார். எதிரே அதே படிவத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

இந்த முறையும் அவர் பொய் சொல்லவில்லை. ‘வகுப்புக்குள் நுழைந்தாலே உற்சாகம் வருகிறது’: ஒன்று. ‘வேறு வேலை கிடைத்தால் ஓடிவிடுவேன்’: ஐந்து. பத்துக்கும் அப்படியே, நிதானமாக.

அதிகாரி கூட்டினார். மறுபடி கூட்டினார். “ஆறு வாரம் உயிரைக் குடுத்துச் சொல்லித் தந்தும் அதே முப்பதா டீச்சர்? நீங்க மாறவே இல்லியே!”

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“கூட்டல் சரிதான் சார்.”