சூட்கேசுக்கு நாவூறு

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். பௌதிகவியல். அந்தப் பட்டத்தால் காங்கேசன்துறைக் கரையில் கண்ட ஒரே பயன், "வேலை கிடைச்சதோ பிள்ளை?" என்று கேட்கும் ஆட்கள் கூடியதுதான். சரி, வேலையை நானே செய்துகொள்கிறேன் என்று இறங்கினேன். கனடாச் சித்தி விட்டுப்போன சில்லுச் சூட்கேசுக்குள் ஒரு பற்றறி, ஒரு இன்வேட்டர். வெளியே விரிக்க ஒரு சோலர் தகடு. இழுத்துக்கொண்டு போனால் வெயிலுள்ள இடமெல்லாம் கரண்ட்.

கரையிலுள்ள மீன் ஏலக் கொட்டிலுக்கு மின்சாரம் இல்லை. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கனகரத்தினம் மாமா ஞாயிறு மதியம் சூட்கேசைப் பார்க்க வருவதாகச் சொன்னார். அதன் கரண்டில் ஒரு மேசை ஃபான் சுற்றினால் சங்கத்துக்கும் இப்படிச் சூட்கேஸ் செய்து கொடுக்கும் வேலை எனக்கு. சுற்றாவிட்டால் திங்கட்கிழமை நான் யாழ்ப்பாணத்தில் பிடவைக்கடையில் நிற்கவேண்டும். அம்மா முதலாளிக்கு ஏற்கனவே ஓம் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை முழுக்க ஃபானை ஓட்டிப் பார்த்தேன். பற்றறி வெறுமையானது. காலை வெயிலில் நிரம்பிவிடும் என்பது என் கணக்கு. தகட்டைத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏற்றிவைக்கும் வேலையை அம்மா கேட்டு வாங்கினார். நான் சந்தோசப்பட்டேன். பட்டிருக்கக் கூடாது.

மதியம் மாமா இரண்டு பேரோடு வந்தார். சுவிட்சைப் போட்டேன். ஃபான் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

"களைச்சுப்போச்சு. ஒரு சோடா குடு பிள்ளை," என்றார் மாமா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயரெல்லாம் கழற்றிப் பூட்டினேன். பியூசை மாற்றினேன். எல்லாம் சரி, கரண்ட் மட்டும் வரவில்லை. கடைசியில் தொட்டியில் ஏறினேன்.

தகட்டின் நடுவில், சட்டிக்கரியும் தேங்காய் எண்ணெயும் குழைத்து, ரொட்டி அளவில் ஒரு கறுத்தப் பொட்டு.

"அம்மா! இதென்ன?"

"நாவூறு படாமல் வைச்சனான். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிரசாந்தி மதிலுக்கு மேலாலை எட்டிப் பாத்தவள்."

"தகட்டிலையோ வைக்கிறது?"

"பின்னை? அதுதானே அதின்ரை முகம்."

தொட்டியில் நின்றபடியே கத்தினேன். தகட்டிலுள்ள கட்டங்கள் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றை மூடினால் பாதித் தகடு படுத்துவிடும். மிச்சப் பாதிக்குப் பற்றறிக்குள் கரண்டைத் தள்ளச் சக்தி காணாது. பல்கலைக்கழகத்தில்கூட நான் இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை.

அம்மா யோசித்தார். "அப்ப சின்னனா வைக்கிறதோ?"

சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். வந்தவர்கள் பிளேன்ரீ குடித்து முடிக்கும்வரை வெயில் ஏறவிட்டு, திரும்பவும் சுவிட்சைப் போட்டேன். ஃபான் காற்றில் மாமாவின் தலையில் மிஞ்சியிருந்த நாலு மயிரும் எழும்பி நின்றன.

"சங்கத்துக்கு ரெண்டு செய் பிள்ளை," என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, எங்கடை ரெண்டுக்கும் ஒரு பொட்டு வைச்சு விடுங்கோ. கரையிலை கண் படுறது கூட."

"மாமா!"

"தகட்டிலை இல்லையடி பிள்ளை!"

திங்கட்கிழமை பிடவைக்கடை முதலாளிக்கு அம்மாவே போன் எடுத்தார். "அவள் வரமாட்டாள். அவளுக்கெங்கை நேரம்?" குரலில் அப்படியொரு எடுப்பு.

நான் புதுச் சூட்கேசின் அடியில், சில்லுகளுக்கு நடுவே, அம்மாவின் பொட்டுக்கு வட்டம் கீறிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெரிதாகவே கீறினேன்.