சுருங்காத கண்மணி

பித்தப்பையை எடுத்தாயிற்று, இனிக் கவலையில்லை என்று சர்ஜன் சொல்லிவிட்டுப் போனபிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். காய்ச்சல் என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை. கேன்டீனில் காபி வாங்கிக்கொண்டு திரும்பியவளை மயக்க மருந்து கொடுத்த டாக்டர் வாசலிலேயே நிறுத்தினார். அந்த அம்மாவின் முகம் சரியில்லை.

"உங்க வீட்டுக்காரருக்குக் கண்ல ஏதாவது பிரச்சினை உண்டாம்மா?"

"இல்லையே டாக்டர். தூரத்துல வர்ற பஸ் நம்பரை அவர்தான் படிச்சுச் சொல்வார்."

"நாங்க குடுத்த வலி மருந்துக்கு ரெண்டு கண்மணியும் கடுகாட்டம் சுருங்கியிருக்கணும். வலது கண்ணு அப்படித்தான் இருக்கு. இடது கண்ணு அகலமா விரிஞ்சு கிடக்கு, டார்ச் அடிச்சாலும் அசையல. ஆளும் இன்னும் முழிக்கல. மூளையில ரத்தக்கசிவான்னு உடனே ஸ்கேன் பார்க்கணும்."

காபி காலில் கொட்டியது. சுட்டதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. வயிற்றில் கத்தி வைத்தால் மூளையில் எப்படி ரத்தம் வரும்? ஸ்ட்ரெச்சர் அவளைத் தாண்டி உருண்டபோது பாதி திறந்த இமைக்குள் அந்தக் கண்ணைப் பார்த்தாள். கருப்பாக, எதையும் பார்க்காமல் கிடந்தது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. டாக்டருக்கே குழப்பம். சற்றுப் பொறுத்து அவன் முனக ஆரம்பித்ததும், அவளையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு மறுபடி டார்ச் அடித்தார்.

"அந்தக் கண்ணுல அடிச்சு என்ன பிரயோஜனம் டாக்டர்?" அவன் நாக்கு குழறியது. "சின்ன வயசுலயே பந்து பட்டுப் போன கண்ணு அது."

"அட மனுஷா! ஆபரேஷனுக்கு முன்னாடி உடம்புல ஏதாவது கோளாறு உண்டான்னு கேட்டேனே! கருவிழியே கருப்பு, அதுக்குள்ள கண்மணி விரிஞ்சு கிடக்கறது எனக்கும் தெரியல. மருந்துல நல்ல கண்ணு சுருங்கவும்தான் இது பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"சொன்னா லைசென்ஸ் போயிடும்ல? கண் டெஸ்ட்டு போர்டு எழுத்தெல்லாம் எனக்கு மனப்பாடம்."

டாக்டருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. மகள் தினமும் அந்த வேனில்தான் போகிறாள். இடப்பக்கம் நின்று பேசினால் முகத்தை முழுசாகத் திருப்பிக் கேட்பானே, அதைப் பாசம் என்று தங்கையிடம் பெருமையடித்திருக்கிறாள். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்தும் தெரியவில்லையே.

மறுநாள் அவனுக்குத் தெளிவு வந்ததும் கட்டிலருகே போனாள்.

"ஏங்க, இனிமே அந்த வேன் சாவியை நீங்க தொடக்கூடாது."

"பொழப்புக்கு எங்க போறது?"

"ஏதாவது பண்ணுவோம். குழந்தைங்க மேல ஏத்தியிருந்தா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான்.

தையல் ஆறியதும் அவனை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட முதலாளியிடம் அவளே சொன்னாள். அவர் கத்தித் தீர்த்துவிட்டு, வேன்களைப் பழுது பார்க்கும் ஷெட்டில் ஒரு வேலை போட்டுக் கொடுத்தார். அவன் அங்கே நன்றாகத்தான் இருக்கிறான். அவள்தான் இன்னமும், தெருவில் பள்ளிக்கூட வேன் திரும்பும்போதெல்லாம் நின்று டிரைவரின் கண்களை உற்றுப் பார்க்கிறாள்.