ஓரக்குழிகள்

கணினி வரைந்து தந்த இருபது மூலக்கூறுகளில் ஒன்றாவது மருந்தாகும் என்று ஆய்வுக்கூடமே நம்பியிருந்தது. அவற்றை வரைய வைத்த முனைவர் பட்ட மாணவிக்கும் முந்தின நாள்வரை அதே நம்பிக்கைதான்.

அவள் அண்ணன் இறந்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. எந்த மருந்துக்கும் மசியாத நுரையீரல் கிருமி. ஊசியை மாற்றும்போதெல்லாம், "இதுவும் அதுகிட்ட பேசித் தோத்துடுச்சாம்" என்று அவனே சிரிப்பான். அந்தக் கிருமியைக் கொன்றவை எவை, கொல்லாதவை எவை என்று பழைய சோதனை முடிவுகள் பத்தாயிரத்தை அவள் கணினிக்குக் கற்பித்திருந்தாள். கற்றதை வைத்து அது புதிதாக வரைய வேண்டும்.

முந்தின நாள் ஏதோ கையெழுத்துக்காகக் கீழ்த்தளச் சோதனை அறைக்குப் போனாள். சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுவதால் எல்லோரும் சொட்டக்கா என்று கூப்பிடும் உதவியாளர், சிறு குழிகளில் கிருமியை வைத்துச் சோதிக்கும் குழித்தட்டில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஓரக்குழிகளில் மட்டும் வெறும் தண்ணீர்.

"ஏன்க்கா, அதுங்களுக்கு மட்டும் மருந்து கெடையாதா?"

"மூணு வருஷமா மேல உக்காந்து தட்டுறே, இப்பதான் குழித்தட்டு கண்ணுல படுதா தாயே? ஓரம் சீக்கிரம் காஞ்சுடும். காஞ்சா கிருமி தானா செத்துடும். நாம மருந்துதான் கொன்னுச்சுன்னு குதிப்போம்."

"எப்பவுமே இப்படித்தானா?"

"நான் வந்த பெறகு. முன்னாடி தொண்ணூத்தாறு குழியிலயும் மருந்துதான்."

அவள் கணினிக்குக் கற்பித்த முடிவுகள் எல்லாமே அதற்கு முந்தியவை. மேலே ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரே சாயலுள்ள சேர்மங்களை வரிசையாக அடுக்கியதில், ஒரு குடும்பமே ஓரத்தில் விழுந்திருந்தது. கணினி வரைந்த இருபதும் அந்தக் குடும்பத்து வாரிசுகள்.

மறுநாள் அவள் சொன்னதைக் கேட்டு நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பட்டியல் திங்கட்கிழமை தயாரிப்புக்குப் போகுதும்மா. இந்த வருஷத்துக்கு இருபதுதான் செஞ்சு தருவாங்க. பட்டம் வாங்கிட்டு மெதுவா நோண்டு."

"அந்த இருபதும் வீணாப் போகும் சார்."

"அண்ணனுக்காகவாவது முடிக்க வேண்டாமா?"

"அவனை இதுல இழுக்காதீங்க சார். அவனுக்கு ஏத்தின மருந்து ஒவ்வொண்ணும் காகிதத்துல கிருமியை நல்லாத்தான் கொன்னுது."

"உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பட்டியலை நிறுத்த நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாதீங்க."

அவர் எதிரிலேயே கைப்பேசியை எடுத்தாள். பட்டியலை நிறுத்தும்படியும் தவறு தன்னுடையது என்றும் தயாரிப்புப் பிரிவுக்கு எழுதி அனுப்பினாள்.

ஓரக்குழிகளை நீக்கி மறுபடி கற்பித்ததில், கணினியின் சரியான கணிப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு விழுந்தது. அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் அதையே முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டாள். கடைசி வரிசையில் இருந்த நெறியாளர் தலை நிமிரவில்லை.

"என்னம்மா, ஃபெயில் மார்க்கைக் கொண்டாந்து காட்டுறே?" என்று எழுந்தார் ஆய்வுக் குழுவில் ஒருவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"இதுதான் சார் எங்க நெஜமான மார்க். போன மாசம் தொண்ணூத்தொண்ணைப் பாத்து நீங்க கைதட்டினது காஞ்சுபோன குழிக்கு. எப்படின்னு சொல்றேன், உக்காருங்க."